குக்கீ இல்லாமல் ஆள் எண்ணுவது

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் செய்தி கிடைத்தது. ஏற்காடு கிளியூரில் வீட்டோடு சேர்த்துக் கட்டிய அறைகளுக்கு வெப்சைட் போட்டாயிற்று, அதிலேயே காப்பிப்பொடியும் மிளகும் விற்கப் போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள், எந்தப் பக்கத்தோடு திரும்பிப் போகிறார்கள் என்று தெரிய வேண்டும், ஆனால் குக்கீ வேண்டாம் என்கிறாய். நுழைந்த உடனே பாதித் திரையை அடைத்துக்கொண்டு ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று கேட்கிற பட்டை உனக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்காது. கூடவே நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் இந்தக் கடிதத்தை நீளமாக்கப் போகிறது: “குக்கீ இல்லாவிட்டால் யாரையும் வேவு பார்த்ததாக ஆகாது, இல்லையா மாமா?”

ஆகும். குக்கீ வைத்துப் பார்ப்பதைவிட மோசமாகவும் ஆகும்.

குக்கீ ஏன் வந்தது என்று முதலில் தெரிந்துகொள். வெப் சர்வருக்கு ஞாபகசக்தி கிடையாது. அறைகளின் படத்தைக் கேட்டால் கொடுக்கும். அடுத்த நொடி நீயே வாடகை எவ்வளவு என்று கேட்டாலும், யாரோ புது ஆள் கேட்பதாக நினைத்துத்தான் பதில் சொல்லும். 1994-இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மாண்டுலி இதற்கு ஒரு வழி கண்டார். எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனம் இணையத்தில் கடை போட நினைத்தது. ஆனால் பாதியில் நிற்கிற வியாபாரத்தையெல்லாம் தன் சர்வரில் சுமக்க அதற்கு விருப்பமில்லை. அந்தக் கணக்கை வாங்குபவரின் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்னக் குறிப்பாக எழுதி வைத்துவிட்டால் போயிற்று என்றார் மாண்டுலி. அந்தக் குறிப்புதான் குக்கீ. ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு நிரந்தர எண் கொடுத்துவிடுகிற சுலபமான வழியும் அவருக்குத் தோன்றாமல் இல்லை. அப்படிச் செய்தால் எல்லாத் தளங்களும் கைகோத்து ஒரே ஆளைத் துரத்தும் என்று அதை ஒதுக்கினார். ஒரு தளம் எழுதிய குறிப்பை அந்தத் தளம் மட்டுமே படிக்கலாம் என்று வேலி போட்டார். விளம்பரக் கம்பெனிகள் ஊரிலுள்ள தளங்களிலெல்லாம் தங்கள் படத்தையும் நிரலையும் செருகி அந்த வேலியைத் தாண்டியது பிற்பாடு நடந்தது. கெட்ட பெயர் மொத்தமும் குக்கீக்குப் போய்ச் சேர்ந்தது.

உன் தளத்தில் இரண்டு வேலை நடக்கிறது, மாப்ளே. நீ இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். ஒன்று, முன்பதிவு. ஒருவர் தேதி போட்டு, அறை பார்த்து, போன் நம்பர் கொடுத்து, பணம் கட்டும் வரைக்கும் அவரைச் சர்வர் மறக்கக் கூடாது. மற்றது, எத்தனை பேர் வந்தார்கள் என்கிற கணக்கு. முதல் வேலைக்குக் குக்கீயே வைத்துக்கொள். அதைவிடப் பத்திரமான வழி இன்று வரை இல்லை. உன் தளம் மட்டும் படிக்கிற, பிரவுசரை மூடினால் போய்விடுகிற குக்கீ. ஜாவாஸ்கிரிப்ட் தொட முடியாதபடியும், எச்.டி.டி.பி.எஸ். வழியாக மட்டும் போகும்படியும் அமைத்துவிடு. குக்கீ விஷயத்தில் உலகத்திலேயே கறாரான ஐரோப்பியச் சட்டம்கூட, கேட்ட சேவையைக் கொடுக்கத் தேவைப்படுகிற குக்கீக்கு அனுமதி கேட்கச் சொல்லவில்லை. பட்டை போட வேண்டிய அவசியமே இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. உன் தளத்தைச் செய்து கொடுத்தவர், குக்கீ வேண்டாம் என்றால், வந்தவரை நினைவில் வைக்க உதவும் செஷன் எண்ணை இணைய முகவரியின் வாலிலேயே ஒட்டிவிடலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். பழைய வழிதான், வேலையும் செய்யும். ஆனால் நம் ஊரில் அது எப்படி முடியும் தெரியுமா? ஈரோட்டில் ஒருவர் குடும்பத்தோடு வர நினைக்கிறார். பெயர், போன் நம்பர், எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் எல்லாம் போட்டுவிட்டு, “இந்த ரூம் எப்படி இருக்கு பாருங்க” என்று லிங்கைக் காப்பி பண்ணிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அந்த வாலில் அவருடைய செஷன் எண்ணும் கூடவே போகிறது. குழுவில் லிங்கைத் தட்டுகிற ஒவ்வொருவரையும் உன் சர்வர் அவராகவே நினைத்துக்கொள்ளும். அவர் நிரப்பிய படிவம் அவர்கள் முன் விரியும். சித்தப்பா ஒருவர் தேதியை மாற்றி வைத்தால் ஈரோட்டுக்காரரின் பதிவு மாறிவிடும். யாராவது அதை வேறு குழுவுக்குத் தள்ளிவிட்டால் அப்புறம் கேட்கவே வேண்டாம். பி.எச்.பி. மொழியில் 2009-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்தே செஷன் எண்ணைக் குக்கீயில் மட்டும் வாங்குவதுதான் இயல்பான அமைப்பு. முகவரியில் தானாக ஒட்டும் வசதிக்கு 8.4 பதிப்பில் விடைகொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். உன் ஆள் அதைத் திரும்பவும் திறந்து விடுவானேன்?

இனி எண்ணிக்கை. இங்கே குக்கீ வேண்டாம் என்கிற உன் பிடிவாதம் நல்ல பிடிவாதம்தான்.

நீ எதுவும் புதிதாகப் போடாமலேயே உன் சர்வர் ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறது. லாக் என்பார்கள். ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்டால் அதற்கு ஒரு வரி: வந்தவரின் ஐ.பி. முகவரி, தேதி, நேரம் நொடி வரைக்கும், கேட்ட பக்கம், கிடைத்ததா இல்லையா, எத்தனை பைட் போயிற்று, எந்தத் தளத்திலிருந்து இங்கே வந்தார், என்ன பிரவுசர். திறந்து பார்த்தால் முதலில் பயந்துவிடாதே. பாதிக்கு மேல் மனிதர்களே இருக்க மாட்டார்கள். கூகுளும் மற்ற தேடுபொறிகளும் அனுப்பும் நிரல்கள், ஏ.ஐ. கம்பெனிகள் அனுப்பும் நிரல்கள், உன்னிடம் வேர்ட்பிரஸ்ஸே இல்லாவிட்டாலும் வேர்ட்பிரஸ் கதவு எங்கே என்று ராத்திரி முழுக்கத் தட்டிப் பார்க்கும் திருட்டு நிரல்கள். இவற்றைக் கழிக்காமல் “மாதம் இவ்வளவு பேர்” என்று யாரிடமும் சொல்லிவிடாதே.

கழித்த பிறகு, ஒரே ஐ.பி.யும் ஒரே பிரவுசரும் அரைமணி நேர இடைவெளிக்குள் கேட்டதையெல்லாம் ஒரே வருகையாகக் கட்டுவது வழக்கம். புத்தகத்தில் இது அழகாக இருக்கும். நம் நாட்டு மொபைல் நெட்வொர்க்கில் இரண்டு பக்கமும் பிய்த்துக்கொள்ளும். பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே 429 கோடி. அது பற்றாமல், மொபைல் கம்பெனிகள் ஒரு முகவரியின் பின்னால் ஏராளமான போன்களை நிறுத்தி வைக்கின்றன. ஏற்காட்டுக்குச் சுற்றுலா வந்த ஒரு கல்லூரி பஸ் முழுக்க ஒரே நெட்வொர்க் சிம் வைத்திருந்தால், அத்தனை பேரும் உன் லாக்கில் ஒரே ஐ.பி.யாக நிற்கலாம். பிரவுசரை வைத்துப் பிரிக்கலாம் என்றால், 2023 முதல் ஆண்ட்ராய்டு குரோம் எந்தப் போனாக இருந்தாலும் ‘ஆண்ட்ராய்டு 10, மாடல் கே’ என்றே சொல்லிக்கொள்கிறது. ஆளை அடையாளம் பிடிக்கக் கூடாது என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. ஆக ஒரு பஸ் கூட்டமே ஒரு ஆளாகிவிடும். மறுபக்கம், ஒரே ஆள் இரண்டு பேராவதும் நடக்கும். சேலத்தில் வீட்டு வைஃபையில் பார்த்துவிட்டு, அடிவாரம் தாண்டி வண்டியில் உட்கார்ந்தபடி மொபைல் டேட்டாவில் திறப்பார், ஐ.பி. மாறிவிடும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போய்ப் போய் வந்து, மேலே ஏரியை எட்டிய பிறகு மறுபடி திறந்தால் அரைமணி கடந்திருக்கும். அதுவும் புதிய வருகைதான்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு, யாரும் சொல்லித்தர மாட்டார்கள். உன் சர்வரில் ஐ.பி.வி6 திறந்திருக்கிறதா என்று ஹோஸ்டிங்காரரிடம் கேள். ஜியோ போன்கள் பெரும்பாலும் அந்தப் புதிய முகவரியில்தான் ஓடுகின்றன. அதில் ஒவ்வொரு போனுக்கும் தனி முகவரித் தொகுதி கிடைக்கிறது. உன் தளம் பழைய முகவரியை மட்டும் வைத்திருந்தால்தான் அவையெல்லாம் பொது வாசல் வழியாக ஒரே முகமாக வந்து சேர்கின்றன. புதிய முகவரியின் பின்பாதியைப் போன் அடிக்கடி மாற்றிக்கொள்ளும். அதனால் 128 பிட்டில் முதல் 64-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை உதறிவிடு.

சரி, ஐ.பி.யை அப்படியே எழுதி வைக்கலாமா? கூடாது. “ஹாஷ் போட்டு வைத்துவிட்டோம், இனி யாருக்கும் தெரியாது” என்று உன் ஆள் சொல்வார். முகவரியைத் திருப்பிப் படிக்க முடியாத ஒரு குறியீடாக மாற்றுவதுதான் ஹாஷ். 429 கோடி என்பது மனிதனுக்குத்தான் பெரிய எண். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முகவரிக்கும் ஹாஷ் போட்டுப் பார்த்து எது பொருந்துகிறது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் பிடிக்காது. ஐரோப்பாவில் பிளாசிபிள் போன்ற குக்கீயில்லாக் கணக்குச் சேவைகள் இதற்கு ஒரு நல்ல உத்தி வைத்திருக்கின்றன. ஐ.பி., பிரவுசர், தளத்தின் பெயர் மூன்றோடும் அன்றைக்கென்று உருவாக்கிய ஒரு ரகசியச் சரத்தைச் சேர்த்து ஹாஷ் போடுவார்கள். அந்தச் சரத்தைத் தினமும் மாற்றி, பழையதை அழித்துவிடுவார்கள். ஒரே நாளில் ஒருவர் நான்கு பக்கம் பார்த்தால் தெரியும். நாளைக்கு அவரே வந்தால் புது ஆள். நேற்றைய சரம் அழிந்துவிட்டதால், சேவை நடத்துபவரே நினைத்தாலும் திரும்பிப் போய்க் கண்டுபிடிக்க முடியாது. ‘பார்க்க மாட்டோம்’ என்ற வாக்குறுதியைவிட ‘பார்க்க முடியாது’ என்ற ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

அதுகூட உனக்கு அதிகம் என்றே நினைக்கிறேன். இன்னும் எளியது ஒன்று உண்டு. ஒரு பக்கத்துக்கு வருபவர் உன் தளத்தின் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தால், அவர் ஏற்கெனவே உள்ளே இருப்பவர். கூகுளிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ எங்கிருந்தென்று தெரியாமலோ வந்தால், அது ஒரு புதிய வருகை. அவ்வளவுதான். ஐ.பி.யே வேண்டாம், ஹாஷ் வேண்டாம். இன்னொரு கெட்டிக்கார வழியும் இருக்கிறது. தளத்தில் ஒரு சின்னக் கோப்பை வைத்து, ‘இது கடைசியாக மாறியது இன்று நள்ளிரவு’ என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்வது. மறுபடி வரும் பிரவுசர் ‘நள்ளிரவுக்குப் பிறகு மாறியதா’ என்று கேட்கும். முதல் தடவை வருவது அப்படிக் கேட்காது. இன்றைக்கு முதல் தடவையா இல்லையா என்பது தெரிந்துவிடும், யார் என்பது தெரியாது. எல்லோர் கையிலும் ஒரே நேரம்தானே இருக்கிறது.

கோப்பை நினைவில் வைத்துக்கொள்ளும் பிரவுசரின் இதே பழக்கத்தைத் தப்பாகவும் பயன்படுத்துவார்கள். எல்லோருக்கும் ஒரே விடை கொடுப்பதற்குப் பதிலாக ஆளுக்கொரு எண்ணை அந்தக் கோப்போடு ஒட்டி அனுப்பினால், குக்கீயை அழித்தாலும் அந்த எண் திரும்பி வந்துகொண்டே இருக்கும். 2011-இல் கிஸ்மெட்ரிக்ஸ் என்ற அமெரிக்கக் கணக்குச் சேவை இப்படிச் செய்ததைப் பெர்க்லி ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொல்ல, வழக்கு வரைக்கும் போயிற்று. அதைத் தாண்டியது கைரேகை வழி. திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், ஒரு சின்னப் படத்தை வரையச் சொன்னால் அந்தப் போனின் சிப் அதை எப்படி வரைகிறது, இப்படி நூறு சில்லறை விவரங்களைச் சேர்த்து ஆளை அறிவது. 2010-இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் சுமார் 4,70,000 பிரவுசர்களைச் சோதித்தபோது, 83.6 சதவீதம் தனித்தனியாகத் தெரிந்தன. உனக்கு யாராவது இதை ‘குக்கீ இல்லாத தொழில்நுட்பம்’ என்று விற்க வருவார்கள். சொல்வது பொய்யில்லை, குக்கீ இல்லைதான். ஆனால் குக்கீயை அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது. இதை அழிக்க வந்தவர் போனையே மாற்ற வேண்டும். இதில் வேடிக்கை, நம் ஊரில் ஒரே மாடல் மலிவுப் போனை லட்சக்கணக்கில் வாங்கி வைத்திருக்கிறோம். அதனால் கைரேகையும் இங்கே பிசகும். பாவமும் உண்டு, பலனும் குறைவு.

ஊட்டி, கொடைக்கானல் சமாசாரத்தை நினைத்துப் பார். 2024 மே 7 முதல் அங்கே போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மலை எத்தனை வண்டி தாங்கும் என்று கணக்குப் போட வேண்டும் என்பது காரணம். அடுத்த ஆண்டு நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. அங்கே வண்டி எண், தேதி, எங்கே தங்குகிறார் எல்லாம் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஒரு வண்டியை நிறுத்தவும் அவர்களுக்கு வேலை இருக்கிறது. நீ யாரையும் நிறுத்தப் போவதில்லை. அடிவாரத்தில் உட்கார்ந்து போகிற வண்டிக்கு ஒரு கோடு போட்டால் போதுமான இடத்தில், நம்பர் பிளேட்டை எழுதிக்கொள்ள உனக்கு என்ன தேவை?

அதனால் கருவி எது என்று தேடுவதற்கு முன், எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று ஒரு தாளில் எழுது. உன் இடத்தில் நான் இருந்தால் இப்படிக் கேட்பேன். மே மாதக் கோடை விழாவுக்குக் கூட்டம் குவிகிறது. அப்போது கிளியூர் அருவி பெரும்பாலும் வெறும் பாறை. ஏரி நிரம்பி வழிந்தால்தானே 300 அடியிலிருந்து தண்ணீர் விழப்போகிறது, அதற்கு மழை வர வேண்டும். அருவியை நம்பி வந்து ஏமாந்து போகிறவர்கள் உன் அறைக்குத்தான் குறைந்த ஸ்டார் போடுவார்கள். ‘அருவியில் இப்போது தண்ணீர் உண்டா’ என்று ஒரு பக்கம் போட்டு, வாரா வாரம் புதுப் படம் ஏற்று. அந்தப் பக்கத்தை எத்தனை வருகையில் பார்க்கிறார்கள், அங்கிருந்து முன்பதிவுக்கு எத்தனை பேர் போகிறார்கள், ‘தண்ணீர் இல்லை’ என்று உண்மையைச் சொன்ன வாரத்தில் அது குறைகிறதா. இந்த மூன்றுக்கும் யார் பெயரும், யார் எண்ணும் தேவைப்படாது. பக்கவாரியாக, நாள்வாரியாக ஒரு எண்ணிக்கை அட்டவணை போதும்.

ஒன்றை மட்டும் இந்த வழிகள் சொல்லாது. பெங்களூரில் இருப்பவர் திங்கட்கிழமை பார்த்து, வியாழக்கிழமை மனைவியிடம் காட்டி, சனிக்கிழமை பதிவு செய்தால், உன் கணக்கில் அது மூன்று தனி வருகை. அதைக் கோத்துப் பார்க்கத்தான் பெரிய கம்பெனிகள் இத்தனை பாடுபடுகின்றன. நீ அவர் வந்து இறங்கியதும் காப்பி கொடுத்துக்கொண்டே “எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?” என்று கேட்டு, வருகைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள். தங்குபவரின் பெயரும் ஊரும் எப்படியும் எழுதத்தான் போகிறாய். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டியதும் உன் பொறுப்பு. இரவு தங்கியவர் யார் என்று அரசு கேட்கிறது, நியாயம். உன் தளத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர் யார் என்று உன்னிடம் யார் கேட்டார்கள்?

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் சொன்னார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அந்தச் சட்டம் குக்கீயா இல்லையா என்று பார்ப்பதில்லை, ஆளை அறியக்கூடிய தரவா என்றுதான் பார்க்கிறது. ஆனால் இந்த வேகத்தில் சர்வர் லாக்கை அன்றன்றே அழித்துவிடாதே. திருட்டு நடந்தால் துப்புத் துலக்க 180 நாள் லாக்குகளை வைத்திருக்கச் சொல்லி 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டிருக்கிறது. புதிய விதிகள் ஓராண்டு என்கின்றன. ஆகவே பாதுகாப்புக்கான லாக்கைத் தனியாகப் பூட்டி வை, கெடு முடிந்ததும் தானாக அழியும்படி செய். எண்ணிக்கை அட்டவணையை வேறாக வை, அதில் ஐ.பி. இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே டேட்டாபேஸில் கொட்டினால்தான் வம்பு.

கடைசியாக ஒன்று. நேற்று உன் தளத்தைத் திறந்து பார்த்தேன். நீ ஒரு குக்கீகூட வைக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் முகப்பில் யூடியூபிலிருந்து அருவி வீடியோ, அடியில் கூகுள் மேப், போதாததற்குத் தளம் செய்தவர் தன் விளம்பரத்துக்காகச் செருகிய ஃபேஸ்புக் நிரல். இவை மூன்றும் உன் வாசலில் உட்கார்ந்து தங்கள் கணக்கை எழுதிக்கொண்டிருக்கின்றன. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ கம்பெனி 2020-இல் தன் தளங்களிலிருந்து மற்ற கம்பெனிகளின் கண்காணிப்பு நிரல்களை எடுத்துவிட்டதாக அறிவித்தது. மென்பொருள் விற்றுப் பிழைக்கிற, விளம்பரம் தேவைப்படுகிற கம்பெனிக்கே அது முடிந்தது. உனக்கு இன்னும் சுலபம். ஃபேஸ்புக் நிரலை இன்றைக்கே எடு. மேப்புக்குப் பதில் நீயே வரைந்த வழிப்படம் ஒன்றைப் போட்டு, அதைத் தட்டினால் மேப் திறக்கட்டும். வீடியோவை உன் சர்வரிலேயே ஏற்று. நீளமாக இருந்தால் வெட்டு, மலையில் சிக்னலுக்கு அதுவும் நல்லதுதான்.

வெள்ளிக்கிழமை மேலே வருகிறேன். சர்வர் பாஸ்வேர்டையும், ஹோஸ்டிங்காரர் போன் நம்பரையும் எடுத்து வை, ஐ.பி.வி6 விஷயத்தை உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம். அம்மாவிடம் சொல்லி சிக்கரி கலக்காத பொடி ஒரு கிலோ தனியாக வைக்கச் சொல். விலைக்குத்தான் கேட்கிறேன், உன் தளத்திலேயே ஆர்டர் போட்டுப் பார்க்கிறேன். முன்பதிவு ஒழுங்காக நடக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

அன்புடன்,
மாமா